பட்டாணியர் தலைவரும் எங்கள் மதகு மறியலும்

வாலாஜாபாத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு விவசாயிகள். பேப்பரை மடித்தபடி ஒருவர் சொன்னார்:

“ஆப்கானிஸ்தான்ல ரஷ்யாக்காரனோட சண்டை நடக்கசொல்லவே, அந்த ஊரு பட்டாணி சனங்க துப்பாக்கியை வெச்சிட்டு கோதுமை அறுக்க வூட்டுக்குப் போயிடறாங்களாம் மச்சான்.”

“அவங்க தலைவரு வுட்டுருவாரா?”

“அவரு அதிகாரம் பண்ணா ஒருத்தனும் கேக்க மாட்டானாம். சோறு போட்டு, கூட உக்காந்து பேசி, எல்லாரும் சரின்னாதான் சண்டையாம். அறுப்பு முடிஞ்சா அவங்களே திரும்பி வந்துடுவாங்களாம்.”

மச்சான் ஜன்னலுக்கு வெளியே ஓடும் வயல்களைப் பார்த்தார்.

“ஏரி மதகை ரிப்பேர் பண்ணச் சொல்லி நம்ம சங்கத் தலைவரு நாளைக்கு மறியல்னாரே. என் நெல்லு முத்திப்போய் சாயுது.”

“அறுத்துட்டு அப்பறமா வா.”

“கோச்சுக்குவாரு.”

“இன்னாத்துக்கு? காலையில அவரைத் தேடிக்கினு போனேன். அவரும் அருவாளோட கழனியிலதான் கீறாரு.”

இருவரும் ஸ்ரீபெரும்புதூர் வரும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.