பதினான்காம் எண்ணின் கேடயம்

அவைக்குத் தலைமை ஏற்று, என் உள்ளங்கையில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்தும் பாராதது போல் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! நாற்காலி காலியாக இருந்தும் சுவரோரமாக நின்றுகொண்டிருக்கும் தாய்மார்களே! என் வகுப்புத் தோழிகளே, பக்கத்து வகுப்புப் பகைவர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

'நான் போற்றும் சாதனைப் பெண்' என்பது எனக்குத் தந்த தலைப்பு. தொடங்கும் முன் ஓர் உறுதி தருகிறேன். எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி பதிவு செய்வேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். வெட்கப்பட வேண்டியதையும் விட்டுவிட மாட்டேன்.

எனக்கு முன் பேசியவர்கள் விண்ணில் பறந்த பெண்ணைப் பாடினார்கள். பனிமலை ஏறிய பெண்ணைப் பாடினார்கள். நான் தரைக்குக் கீழே இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் என் அம்மா.

பெரிய மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில் சன்னலே இல்லாத அறை. அறுவைச் சிகிச்சை முடிந்த கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் அங்கே வந்து சேரும். அவற்றைக் கழுவி, விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, எண்ணி, தட்டில் அடுக்கி, துணியில் சுற்றி, நீராவிப் பெட்டிக்கு அனுப்புவது அம்மாவின் வேலை. ஒரு தட்டில் நாற்பத்திரண்டு கருவிகள். நாற்பத்தொன்றுதான் வந்தது என்றால்? மீதி ஒன்று எந்த நோயாளியின் வயிற்றுக்குள் இருக்கிறது என்று தேட வேண்டும்! சிரிக்கிறீர்கள். அம்மா சிரிக்க மாட்டார்.

பேசினால் எண்ணிக்கை தவறும் என்பதால் அங்கே யாரும் பேசுவதில்லை. எட்டு மணி நேரம் மூடியிருந்த வாய் வீட்டுக்கு வந்ததும் திறந்துவிடுமா? சாப்பிடும்போதும் அம்மாவின் உதடு மட்டும் எதையோ எண்ணி அசையும். எதிரே நான். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

ஒவ்வொரு தட்டிலும் அடுக்கியவருடைய எண்ணை எழுதிய சீட்டு இருக்கும். அம்மாவின் எண் பதினான்கு. மேலே அறுவைச் சிகிச்சை அறையில் தட்டைப் பிரித்ததும் முதலில் குப்பைக்குப் போவது அந்தச் சீட்டுதான்.

அறையில் ஓர் ஒலிபெருக்கி உண்டு. கருவியில் கறை இருந்தாலோ எண்ணிக்கை குறைந்தாலோ மட்டுமே அது பேசும். "எண் ஒன்பது, மேலே வரவும்." குறை இல்லையென்றால் அழைப்பும் இல்லை. எங்கள் வீட்டிலும் அதே சட்டம். மதிப்பெண் குறைந்தால் பேச்சு, நிறைந்தால் மௌனம். கட்டுரைப் போட்டியில் நான் முதல் பரிசு வாங்கிய அன்று, அம்மா சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், மடித்து வைத்தார், விளக்குமாற்றை எடுத்தார். நான் உள்ளே போய் எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன். ஓசை வராமல்.

சென்ற மாதம் அம்மா மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க அங்கே போனேன். வாசலிலேயே ஒன்பதாம் எண் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கம்மா பண்ண கூத்து தெரியுமாடி? போன வாரம் மைக்குல பதினாலைக் கூப்பிட்டாங்க. கேட்டதும் மூஞ்சி வெளுத்துப்போச்சு. மேல போனா பெரிய டாக்டர்ல இருந்து எல்லாரும் உட்கார்ந்திருக்காங்க. யாரும் வாயைத் தொறக்கறதுக்குள்ள, 'தப்பு என்னுதுதாங்க, இனிமே நடக்காதுங்க'ன்னு கும்பிட்டுட்டு, திரும்பிப் பார்க்காம இறங்கி வந்துட்டா!"

"என்ன தப்புக்கா?"

"தப்பா? பதினோரு வருஷத்துல அவ அடுக்குன தட்டு ஒண்ணுகூடக் குறைன்னு திரும்பி வரலைன்னு கேடயம் குடுக்கக் கூப்பிட்டிருக்காங்கடி! அப்புறம் கீழ குடுத்தனுப்பினாங்க, அது இப்போ கையுறைப் பெட்டிக்குப் பின்னால கெடக்கு."

அவையோரே, எண்ணிப் பாருங்கள்! செய்யாத தவறுக்கு மன்னிப்புக் கேட்கும் வாய், செய்த சாதனையைச் சொல்ல ஏன் மறுக்கிறது? அன்று மாலை அம்மாவிடம் கேட்டேன்.

"ஏம்மா, போய் வாங்கிக்க வேண்டியதுதானே?"

"ஒண்ணும் ஆகலைங்கிறதுக்கு ஒரு கேடயமா? ஒண்ணும் ஆகாததுக்கு யாராவது கைதட்டுவாங்களா? போய்ப் படி."

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, அதுதானே அம்மா சாதனை! அதை உரக்கச் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை. நானும் மௌனத்தில் வளர்ந்தவள். அதனால்தான் மேடையில் சொல்கிறேன்.

அங்கே தூணருகே ஓர் அம்மா, "எங்களுக்கெல்லாம் என்னத்த இருக்கு" என்கிறார். காதில் விழுந்தது, அம்மா! உங்கள் மகள் என் வகுப்புதான். நீங்கள் தைத்த சட்டையைத்தான் பள்ளி நாடகத்தில் ராணி போட்டாள். இருக்கிறதா, இல்லையா? தாய்மார்களே, ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் நன்றாகச் செய்த ஒரு வேலையைப் பக்கத்தில் இருப்பவரிடம் இப்போதே சொல்லுங்கள். 'சும்மாதான்' என்று சேர்க்காதீர்கள். 'ஏதோ நம்மால் ஆனது' என்று முடிக்காதீர்கள். நான் செய்தேன் என்று சொல்லுங்கள். நன்றாகச் செய்தேன் என்று சொல்லுங்கள். கேட்பவர் கைதட்டட்டும். ஓசை வரட்டும்!

அந்தக் கேடயம் இதோ, என் கையில் இருக்கிறது. அந்த அறையின் மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கி வந்தேன். மூன்றாவது வரிசையின் ஓர நாற்காலியில் அம்மாவுக்காக என் பையை வைத்திருந்தேன். இன்னும் பைதான் உட்கார்ந்திருக்கிறது. வேலை முடிந்திருக்காது. வாய்ப்பளித்த தலைமையாசிரியை அம்மாவுக்கும், சுவரோரம் நின்றே கேட்டு, இப்போது ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொல்லிச் சிரிக்கும் தாய்மார்களுக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.

உள்ளது உள்ளபடி பதிவு செய்வதாகச் சொன்னதால், பிறகு நடந்ததையும் எழுதி வைக்கிறேன். எல்லாரும் போன பிறகு அம்மா வந்தார். காவலாளி நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சிருச்சா?"

"நீ பேசறது மட்டும்தாம்மா பாக்கி."

கேடயத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஒலிவாங்கியில் உயிர் இல்லை என்று நான் சொன்ன பிறகே மேடை ஏறினார். காலி அவையைப் பார்த்தார். உதடு அசைந்தது, எண்ணுகிறார் என்று நினைத்தேன்.

"பதினோரு வருஷம்," என்றார். "ஒண்ணுகூட விடலை நான்."

நான் கைதட்டினேன். பெரிய அவையில் ஒரே ஒருத்தியின் கைதட்டல் எவ்வளவு சிறியது என்று அப்போதுதான் தெரிந்தது. நாற்காலியைக் கீழே வைத்துவிட்டுக் காவலாளியும் தட்டினார். அம்மா அழுதாரா என்று என்னால் உறுதியாக எழுத முடியவில்லை. விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.