சைவக்காரி வைச்ச மீன்குழம்பு

ஓம் பிள்ளை, மீன் வாங்கினதும் நான்தான், குசினிக் கதவைப் பூட்டிப்போட்டுச் சமைச்சதும் நான்தான். அதை ஏன் சுத்தி வளைச்சுக் கேக்கிறியள்? கதிரையை இன்னும் தள்ளிப் போடவேணுமெண்டால் போடுங்கோ. எனக்குக் காது நல்லாக் கேக்கும்.

பேர் விமலேஸ்வரி. வயசு எழுபத்தினாலு. இண்டைக்குப் புதன்கிழமை. இது மாங்குளத்துக்குக் கிட்ட இருக்கிற முதியோர் இல்லம், கொரோனா எண்டு நாலு மாதமாக் கேற் பூட்டு. இவ்வளவும் காணுமே? இன்னும் கேள்வி இருந்தால் கேளுங்கோ. ஸ்கந்தபுரத்தில எட்டு ஏக்கர் வயலைத் தனிய நிண்டு செய்விச்சனான், உங்கட கேள்விக்கோ பயப்பிடப்போறன்? மனநல டொக்டர் நீங்கள், விசர் எண்டு எழுதினால் என்னை ஆஸ்பத்திரிக்கு ஏத்திப்போடுவினம், அதுவும் தெரியும். எழுதிறதுக்கு முதல் முழுசாக் கேளுங்கோ.

சுமித்திரா என்ன சொன்னவ? இந்த இல்லத்துக்குப் பொறுப்பா இருக்கிறா எண்டு அவ சொல்லுறதெல்லாம் வேதமோ? முப்பது வருசமா மீன், மச்சம் தொடாத மனுசி, வேலியால எட்டி, மீன் விக்கிற முத்தலிப்பின்ர மோட்டச்சைக்கிளை மறிச்சுச் சூடைமீன் வாங்கிச்சுது எண்டோ? உண்மை. மாஸ்க் போடேல்ல எண்டோ? அது பச்சைப் பொய். ஆளில்லாத கட்டில்ல வாழையிலை போட்டு, சோறும் மீன்குழம்பும் வைச்சு, கட்டிலோட கதைச்சுது எண்டு சொன்னவவோ? அதுவும் உண்மைதான். இலையை எடுக்க வந்தவையை வாயில வந்தபடி ஏசிக் கலைச்சுப்போட்டு அறைக் கதவைச் சாத்தினனான். அதுக்கு மன்னிப்பெல்லாம் கேக்கமாட்டன்.

அது இரஞ்சிதத்தின்ர கட்டில். புதுக்குடியிருப்புக்காரி. ஆறு வருசமா ரெண்டு பேரும் ஒரே அறை. சரியான வாய்க்காரி, சொல்லி வேலையில்லை. இங்க சைவச் சாப்பாடுதானே, நாளாந்தம் சோத்துக் கோப்பையைத் தள்ளிப்போட்டு, சூடைக்குழம்பு இல்லாத சோறும் ஒரு சோறோ எண்டு துவங்குவா. வாயை மூடடி எண்டு எத்தினை நாள் சண்டை பிடிச்சிருப்பன். மூண்டு கிழமைக்கு முதல் காய்ச்சல் எண்டு அம்புலன்ஸில ஏத்தினவை. செருப்புப் போடக்கூட விடேல்ல.

மனசு எப்பிடி இருக்கோ? கோவமா இருக்கு பிள்ளை. பசிக்குது, நித்திரையும் வருது, கோவம் மட்டும் அடங்குதில்லை. ஆம்பிளையள் பக்கம் சின்னராசர் எண்டு ஒராள் இருக்கிறார். மகள் போனில முகம் காட்டினால் மனுசன் கதைக்கிறதில்லை, போன் கண்ணாடியைத் தடவிக்கொண்டே இருக்கும். அதுக்கு இப்ப நித்திரைக் குளிசை குடுத்து நாள் முழுக்கப் படுக்க வைச்சிருக்கினம். கேட்டால், வயசு போனதுகள், பயந்துபோகுங்களாம், ஒண்டும் சொல்லக்கூடாதாம். நாங்கள் ஷெல்லடிக்குள்ள பங்கர் வெட்டி இருந்த சனம். பக்கத்துப் பங்கரில ஆர் போனது எண்டு உடன வந்து சொல்லுவினம். ஒரு பாட்டம் அழுதிட்டு எழும்பி நடந்தனாங்கள். இப்ப மட்டும் என்ன, எங்களுக்கு அழத் தெரியாதோ?

என்ன கேட்டனீங்கள்? ஓமோம். இரஞ்சிதம் சுகப்பட்டு வருவாவாம், அதுக்குள்ள ஏன் சோறு வைச்சனீங்கள் எண்டு. சுமித்திராவும் ஒவ்வொரு பின்னேரமும் வாசல்ல நிண்டு அதைத்தான் சொல்லுறவ. இண்டைக்குக் கஞ்சி குடிச்சாவாம், உங்களை விசாரிச்சாவாம் எண்டு. இரஞ்சிதமாவது என்னை விசாரிக்கிறதாவது.

போன கிழமை செவ்வாய் பின்னேரம் விறாந்தை ரேடியோவில இருந்த பற்றறியைக் கழட்டிக்கொண்டு போயிட்டினம். பழுதாப் போச்சாம். விடிய மரண அறிவித்தல் கேக்கத்தான் நாங்கள் எல்லாரும் எழும்பிறது, அது அவைக்கு நல்லாத் தெரியும். இங்கயிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனது ஒரே ஒராள். பிறகு எனக்கு ஆரும் வந்து சொல்லவேணுமே? போர்வையால மூடிக்கொண்டு அழுதனான், ஒருத்தருக்கும் காட்டேல்ல. தலையைக் குனியாதேங்கோ பிள்ளை, உங்களுக்கும் தெரியும்தானே.

நேற்று அவவின்ர எட்டு. எட்டாம் நாளுக்குச் செத்தவை ஆசைப்பட்டதைத்தானே சமைச்சுப் படைக்கிறது. அவவின்ர மகள் பிரான்சில, பிளேன் இல்லை. ஆஸ்பத்திரியில பெட்டியை மூடி எரிச்சிருப்பினம், ஒருத்தரும் வாய்க்கரிசி போட்டிருக்கமாட்டினம். படைச்சதை உரித்துக்காரர் சாப்பிடவேணும், கொட்டக்கூடாது. அதுதான், சுமித்திரா கதவைத் தட்டத் தட்ட, அந்தக் கட்டில்லயே இருந்து அவ்வளவு சூடையும் சாப்பிட்டு முடிச்சனான்.