நாற்பது வருஷம் கேட் திறந்தவள்

வெர்னா: ...அதெல்லாம் முடியாது. இந்த மலை இடுக்கை நான்தான் ஓட்டிக் கடப்பேன்.

கிளைவ்: யாரு வேணாம்னா? கொஞ்சம் மெதுவான்னுதானே சொன்னேன். சரளைக்கல்லு.

வெர்னா: டயர்ல காத்தைக் குறைச்சாச்சு, வேகத்தையும் குறைச்சாச்சு. இன்னும் குறைக்க வேண்டியது உன் வாயைத்தான்.

கிளைவ்: இடப்பக்கம் கல்லு... வலது பக்கம் ஒடி, ஒடி! ஆங், அப்படித்தான்.

வெர்னா: தெரியுது.

கிளைவ்: தெரிஞ்சா சரி.

வெர்னா: நாப்பது வருஷம், கிளைவ்! கட்டிக்கிட்ட நாள்லேருந்து ஃபிளிண்டர்ஸ் மலைக்கு வரும்போதெல்லாம் ஸ்டியரிங் உனக்கு. இறங்கி, ஈயை விரட்டிக்கிட்டு, பண்ணை கேட்டைத் திறந்து மூடுற வேலை எனக்கு. இந்தத் தடவை விடமாட்டேன்.

கிளைவ்: அதான் இப்ப நான் திறக்கிறேனே!

வெர்னா: திறக்கிறே, திறக்கிறே. ஒரு கேட்டுக்குப் பத்து நிமிஷம்.

கிளைவ்: வயசாகலையா... பள்ளம்! ஆத்துப்படுகை. ரெண்டாவது கியர்.

வெர்னா: ஏன் ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே வர்றே? என்மேல நம்பிக்கை இல்லையா?

கிளைவ்: காலையில எதிர்ல வந்த வண்டிக்கு வணக்கம்னு ஒரு விரலைத் தூக்கினியே...

வெர்னா: ஆமா. இந்த ரோட்டுல எல்லாரும்தான் தூக்குவாங்க. அது மரியாதை.

கிளைவ்: அது வண்டி இல்ல, வெர்னா. ஆட்டுக்குத் தண்ணி வைக்கிற தொட்டி. நேத்து ரெண்டு ஈமு பறவைக்கும் தூக்கினே.

வெர்னா: சரி... வண்டியை நிறுத்திட்டேன், போதுமா? என் கண்ணுக்கு நடுவுல எல்லாம் மங்கல். ஓரம்தான் தெரியுது. மே மாசமே டாக்டர் சொல்லிட்டார். அடுத்த வருஷம் இந்தச் சிவப்புப் பாறையெல்லாம் எனக்கு இருக்காது. அதான்... ஒரே ஒரு தடவை நானே ஓட்டிரணும்னு...

கிளைவ்: தெரியும்.

வெர்னா: தெரிஞ்சுமா சும்மா இருந்தே? உனக்கு மூளை இருக்கா? இறங்கு, இடம் மாறிக்கலாம்.

கிளைவ்: மாற முடியாது. வடக்கே மழை இறங்கிருச்சு. ஆத்துல தண்ணி வர்றதுக்குள்ள மேடேறணும். எடு வண்டியை.

வெர்னா: அதுக்குத்தான் சொல்றேன், நீ ஓட்டு!

கிளைவ்: வெர்னா... மூணு மாசமா என் வலது கால்ல உணர்ச்சியே இல்ல. பிரேக்குன்னு நினைச்சு எதை மிதிப்பேன்னு எனக்கே தெரியாது. சொல்லியிருந்தா நீ வீட்டைவிட்டே கிளம்பியிருக்க மாட்டே. முதல் கியர் போடு. வலப்பக்கம் பாறை... ஒரு முழம் தள்ளிப் போ.