விடுங்க சார்

ஏணி பிடிப்பது எல்லோருக்கும் வராது, ஐயா. கை கடுக்கும், கழுத்து சுளுக்கும், மேலே நிற்பவர் தட்டிவிடும் குப்பையெல்லாம் நம் தலையில்தான் விழும். பொறுமை வேண்டும். எனக்கு அது நிறையவே உண்டு; அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

முதலில் என் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூச்சிரைப்புக்காரர், தனிக்கட்டை. மாடி அறை அவருடையது. எங்கள் வீட்டில் வெளிச்சமும் காற்றும் வருகிற ஒரே அறை அதுதான். தம்பிக்கும் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார ஆசை இருக்குமே என்று ஒருநாளாவது அவருக்குத் தோன்றியதா? வீடு அப்பா கட்டியது. அந்த அறை மட்டும் அண்ணனோடு கூடப் பிறந்தது போலிருக்கிறது.

சென்ற மழைக்காலத்தில் அந்த அறைச் சுவர் ஊறத் தொடங்கியது. கூரைத் தண்ணீரை வாங்கிக் கீழே அனுப்பும் தகரப் பீலி அடைத்துக்கொண்டதுதான் காரணம். சுவரெல்லாம் பூஞ்சணம். இருமல் கீழே வரைக்கும் கேட்டது. இந்த ஈரத்தில் இன்னொரு மழைக்காலம் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"கீழ என் ரூமுக்கு வந்துடுங்கண்ணே, நான் மாடிக்குப் போய்க்கிறேன்," என்று எவ்வளவோ கெஞ்சினேன்.

"செத்தாலும் இங்கயேதான்டா," என்றார்.

பெரியவர்கள் வார்த்தைக்கு மரியாதை கொடுத்து வளர்ந்தவன் நான்.

என் மனைவிக்குத்தான் அவசரம். "இலைதானே அடைச்சிருக்கு? ஒரு ஆளக் கூப்பிட்டா முடிஞ்சுது," என்று பீலி சுத்தம் செய்கிறவரை அவளே போன் போட்டு வரவழைத்துவிட்டாள். இந்த வட்டாரத்திலேயே கெட்டிக்காரராம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த மனிதர் இன்று உயிரோடு இருப்பார். அவளை நான் குறை சொல்லவில்லை.

வந்தவர் தங்கமான ஆள். எதற்கெடுத்தாலும் "அட, விடுங்க சார்" என்பார். டீ குடிக்கிறீர்களா? விடுங்க சார். உங்கள் செருப்பெல்லாம் சேறாகிவிட்டதே? விடுங்க சார். ஏணியைக் கூரைவரை சாய்த்து, என்னை அடியில் நிறுத்தி, ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"தரை வழுக்குது. நான் விடச் சொல்ற வரைக்கும் ஏணிய விட்டுடாதீங்க சார்."

சரி என்றேன். மேலே ஏறிப் பீலிக்குள் கையை விட்டார். பழுத்த இலை கொஞ்சம் விழுந்தது. அடுத்து ஒரு துணிப்பந்து வந்தது. அதைப் போய்ப் பிரித்துப் பார்த்தார். சுத்தம் செய்ய வந்தவர் சுத்தம் செய்துவிட்டுப் போக வேண்டியதுதானே?

"சார், இது இலை இல்ல. யாரோ சட்டையச் சுருட்டி, கம்பியால கட்டி, உள்ள திணிச்சிருக்காங்க."

கட்டம் போட்ட சட்டை. தள்ளுபடியில் ஜோடியாக வாங்கியது. அதன் ஜோடியை அன்றைக்குப் பார்த்து நான் போட்டிருந்தேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். அவர் கையிலிருந்த சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஜன்னலுக்குள்ளே அண்ணன் இருமினார்.

"நீங்களா சார்?"

"அது வந்து..." என்று இழுத்தேன்.

அவர் சட்டையைக் கீழே போட்டார். இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "அட, விடுங்க சார்," என்றார்.

விட்டேன். சொன்னதைத்தான் செய்தேன், ஐயா. ஏணி தானாகச் சறுக்கும் என்று பார்த்தேன், சறுக்கவில்லை. காலால் லேசாக ஒரு உதவி செய்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் பீலியின் ஒரு மூலையைத்தான் சுத்தம் செய்தார். மறு மூலையில் என் பழைய போர்வை இருக்கிறது. அண்ணன் அப்போதே கீழே வந்திருந்தால் ஒரு சட்டையோடு போயிருக்கும். ஸ்டேஷனுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது போலிருக்கிறதே? அண்ணனை இறக்கிக் கொண்டுவர ஆள் அனுப்பாதீர்கள், வரமாட்டார். செத்தாலும் அங்கேயேதான் என்று வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். கூடப் பிறந்த தம்பி, அதைக்கூடச் செய்து கொடுக்காவிட்டால் எப்படி?