கரண்ட் கம்மியா குடிக்கிற கம்ப்யூட்டர்

— …இதுவும் வேணாமா? கடையில பாதியை இறக்கி வச்சுட்டேன் தங்கச்சி.

— உள்ள விசிறி சுத்துதே அண்ணா. இதெல்லாம் கரண்ட்டைக் குடிச்சுத் தீர்த்துடும்.

— குடிக்கட்டுமே. பில்லு கட்டறது மாப்பிள்ளைதானே?

— கேட்டதைக் காட்டேன். கரண்ட் கம்மியா இழுக்கணும். அப்புறம், ஆன் பண்ணதும் முதல்ல எழுந்திரிக்குதே, அந்த பூட் ப்ரோக்ராம்… அதைத் தூக்கிட்டு, யாரு வேணா பிரிச்சுப் படிக்கலாம்னு விட்டிருக்கிற இலவச ப்ரோக்ராமைப் போடணும்.

— அடேயப்பா! எங்க படிச்ச இதெல்லாம்?

— உன் கூடப் பிறந்துட்டு இது கூடத் தெரியாதா?

— எல்லா மாடல்லயும் ஏறாதும்மா. பழசுல ரெண்டு மூணுதான் சொன்னபடி கேக்கும். புதுசெல்லாம் கம்பெனிக்காரன் பூட்டுப் போட்டே அனுப்புறான்.

— ஜன்னலோரம் தூசி தின்னுட்டுக் கிடக்கே, அந்தக் குட்டி லேப்டாப்?

— …கண்ணா அது, கழுகா? அதுல ஏறும். ஒரு குண்டு பல்பு அளவுக்குக் கூட இழுக்காது. சரி, உக்காரு. டீ சொல்லியிருக்கேன்.

— டீ வேணாம். பூட் சிப்புல எழுதறதுக்கு ஒரு கிளிப்பு வச்சிருக்கியே, அதை மாட்டி இப்பவே ஏத்திக் குடு.

— கால்ல வெந்நி ஊத்திட்டு வந்தியா? ஆமா… உங்க வீட்ல கரண்ட்டுக்கு என்ன குறைச்சல்?

— வீட்டுக்கு இல்ல. ஒரு ரூமுக்கு. மொட்டை மாடியில. ஒரே ஒரு பேட்டரியிலதான் எல்லாம் ஓடணும்.

— யாரு ரூம்?

— என்னோடது.

— …மாப்பிள்ளைக்குத் தெரியுமா?

— ரூம் பார்த்துட்டு வந்த அன்னிக்கே கேட்டாரே, "அந்தத் தெருவுல உனக்கென்ன வேலை"ன்னு. போனைக் கூட வீட்ல வச்சுட்டுத்தான் போனேன். நெட் கிடைக்குதான்னு அங்க ஒரு தடவை லேப்டாப்பைத் திறந்தேன். அவ்வளவுதான்.

— எவனாவது பார்த்துட்டுப் போட்டுக் குடுத்திருப்பான்.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். எதுக்கும் இருக்கட்டும்னு லேப்டாப்பைச் சுத்தமா துடைச்சு, எல்லாத்தையும் புதுசா ஏத்தினேன். அடுத்த தடவை போனப்பவும் கேட்டாரு. அப்பதான் உறைச்சுது… வேவு பாக்குறது அதுக்கும் அடியில, பூட் சிப்புல உக்காந்திருக்கு.

— சேச்சே… மாப்பிள்ளைக்கு அவ்வளவு விவரம் ஏது?

— ஏதுமில்லதான். ஒரு ஸ்க்ரூ கழட்டத் தெரியாது.

— இரு, டீ வந்துடும்…

— வேற யாரும் திறந்தா தெரியணும்னு, நீ கை வச்ச மெஷின்ல ஸ்க்ரூ தலைக்கு நெயில் பாலிஷ் வைப்பியே. பச்சை. பாட்டில் கூட என்கிட்ட சுட்டதுதான்.

— கடைக்கு வர்றதுக்கெல்லாம் வைப்பேன். அதுக்கென்ன இப்ப?

— என் லேப்டாப்பை நான் உங்கிட்ட குடுத்ததே இல்லையே அண்ணா. அதுல எல்லா ஸ்க்ரூலயும் பச்சை.

— மாப்பிள்ளைதான் கொண்டு வந்து நின்னாரு. குடும்பம் உடையக் கூடாதேன்னுதான்…

— என் கன்னம் வீங்கி வந்தப்ப நீதான் ஐஸ் ஒத்தி விட்ட. அதுக்கு முன்னாடியா இந்த வேவைப் போட்ட, அப்புறமா?

— …அப்புறம்தான்.

— ம்.

— எல்லாம் தெரிஞ்சும் ஏன் எங்கிட்டயே வந்த?

— இந்தக் கிளிப்பு வேற யாருகிட்ட இருக்கு? அதோட… முகத்துக்கு நேரா கேட்டா இந்தத் தடவை நீ என் பக்கம் நிப்பியோன்னு ஒரு நப்பாசை. விடு. அந்தக் குட்டியில ஏத்திக் குடு, போயிடறேன். ஏன் வாசலையே பாக்குற? அந்த டீ வந்தா வருது, வராட்டி போகுது.

— டீ சொல்லவே இல்லம்மா… நீ படியேறுறதைப் பார்த்ததும் மாப்பிள்ளைக்குப் போன் போட்டுட்டேன். கீழ வண்டி நிக்கிற சத்தம் கேக்குது பாரு.