வெள்ளியங்கிரி அவர்களின் கராஜில் முப்பத்தொரு கதவுகள்

மேடையில் வீற்றிருக்கும் நம் வட்டத்தின் தலைவர் வாஞ்சிநாதன் அவர்களுக்கும், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வெள்ளியங்கிரி அவர்களின் துணைவியார் கலாவதி அம்மையாருக்கும், டெக்சஸிலிருந்து குழந்தையோடு வந்திருந்து நேற்றுத்தான் திரும்பிப் போன அவர்கள் மகள் எழிலரசிக்கும், ஞாயிற்றுக்கிழமை மதியத்தை ஒதுக்கிவிட்டு பிளசன்டனில் உள்ள இந்தக் கூடத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் வள்ளி. சான் ரமோனில் வெள்ளியங்கிரி அவர்கள் வேலை பார்த்த அதே அலுவலகத்தில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். நம் சாட்டர்ன் தமிழ் வட்டத்துக்கு மூன்று வருடமாகச் செயலாளர். அஞ்சலிக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். ஆனாலும் இன்று பேசத்தான் வேண்டும். என் கையில் ஒரு தாள் இருக்கிறது. பேச்சை முடிக்கும்போது இதை வாசிக்கச் சொல்லித் தலைவர் வியாழக்கிழமை கொடுத்தார். வெள்ளியங்கிரி அவர்களின் வீட்டுக் கராஜை அவர் பெயரில் நினைவு உதிரிபாகக் கூடமாக ஆக்குவது, சனிக்கிழமைதோறும் காலையில் அதைத் திறந்து வைப்பது, கலாவதி அம்மையாரை அதன் கௌரவப் பொறுப்பாளராக நியமிப்பது. இதுதான் தீர்மானம். அதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவரைப் பற்றிப் பேச வேண்டும்.

யார் வெள்ளியங்கிரி? பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த பொறியாளர் என்பார் ஒருவர். அலுவலகத்தில் கோபமே வராத மேலாளர் என்பார் இன்னொருவர். மூன்று வாரத்துக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை காலைக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தவர் நாற்காலியில் சாய்ந்தார், எழவில்லை. ஐம்பத்தெட்டு வயது! இங்கே இருப்பவர்களுக்கு அவர் ஒரே ஒரு ஆள்தான். வண்டி நின்றால் கூப்பிடுகிற ஆள்.

சாட்டர்ன் என்று ஒரு கார் கம்பெனி இருந்தது என்பது இன்று வந்து இறங்குகிற பிள்ளைகளுக்குத் தெரியாது. 1990இல் டென்னசியில் அதன் முதல் வண்டி வெளியே வந்தது. 2010இல் கம்பெனியையே மூடிவிட்டார்கள். இருபது வருட ஆயுள். அந்த இருபது வருடத்தில் அது மற்றவர்கள் செய்யாத சிலவற்றைச் செய்தது. பேரம் பேச வேண்டாம், ஒட்டியிருக்கும் விலைதான் விலை. பக்கவாட்டில் தகரத்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக். கடை வாசலில் யாராவது தள்ளுவண்டியால் இடித்தாலும் அது உள்ளே அமுங்கித் தானே திரும்பி வந்துவிடும். சாவியைக் கையில் கொடுக்கும்போது கடையில் இருக்கிற விற்பனையாளர்கள் எல்லாம் வட்டமாக நின்று கை தட்டுவார்கள்.

வெள்ளியங்கிரி அவர்கள் 1999இல் ஜெர்சி சிட்டியில் இருந்தார். ஒரு வங்கிக்கு ஒப்பந்த வேலை. தன் முதல் சாட்டர்னை அங்கேதான் வாங்கினார். அந்தக் கைதட்டலைப் பற்றி என்னிடம் ஒருநாள் சொன்னார். “நான் இந்த ஊருக்கு வந்து பதினோரு மாசம் ஆச்சு வள்ளி. எனக்காக யாரும் கை தட்டினதில்ல. எட்டுப் பேரு தட்டினாங்க. வெக்கமாவும் இருந்துச்சு, அழுகையாவும் வந்துச்சு. அப்புறம் அந்த வண்டிய எப்படி விட்டுட்டு வர்றது?”

விடவில்லை. கலிஃபோர்னியாவுக்கு வந்தபோதும் விடவில்லை. 2009இல் யாரோ கம்பெனியை வாங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. கடைசி நேரத்தில் அதுவும் கைகூடாமல் போயிற்று. அப்போதும் விடவில்லை. அனாதையாகிப் போன வண்டிகள் மலிவாகக் கிடைத்தன. புதிதாக வேலைக்கு வந்த நம்மவர்கள் அவற்றை வாங்கினார்கள். வாங்கிய பிறகுதான் உதிரிபாகம் கிடைப்பது கடினம் என்று தெரிந்தது. அப்படி மாட்டிக்கொண்ட நான்கு பேரை 2011இல் ஒரு மளிகைக்கடை வாகன நிறுத்தத்தில் கூட்டி வைத்து இந்த வட்டத்தை அவர் தொடங்கினார். உச்சத்தில் நம்மிடம் இருபத்தாறு வண்டிகள் இருந்தன. இன்று ஒன்பது.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வட்டத்தில் ஒரு வண்டி இனி ஓடாது என்று ஆனால், அதை வெளியாளுக்கு விற்கக்கூடாது. இழுவை வண்டி வருவதற்கு முன்னால் எல்லோரும் கூடுவோம். கதவு, ஹெட்லைட், இருக்கை, ஆல்டர்னேட்டர் என்று கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றுவோம். நாமெல்லாம் அபார்ட்மெண்ட்வாசிகள், அவருக்கோ கராஜ் வைத்த சொந்த வீடு. எல்லாம் அங்கே போகும். ஒவ்வொன்றிலும் எந்த வண்டி, யாருடையது, என்றைக்குக் கழற்றியது என்று அவர் கையால் சீட்டு எழுதி ஒட்டுவார். அந்தச் சீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவமனையில் குழந்தைகளின் கையில் கட்டுகிற சீட்டைப் போல அவ்வளவு கவனம்!

நம் ரஞ்சித்குமார் இதை வைத்துச் செய்யாத கிண்டலா? “அண்ணே, கராஜுன்னா கார் நிக்கிற எடம்னு நினைச்சேன். உங்க வீட்ல காரோட பார்ட்ஸெல்லாம் உள்ள படுத்துக்குது, அண்ணி கார் மட்டும் வெளிய மழையில நனையுது.” நாம் எல்லோரும் சிரித்தோம். கலாவதி அம்மையாரும் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்தோம். வேறு எதையாவது பார்த்தோமா?

நான்கு வருடத்துக்கு முன்னால் நடந்த ஒன்றை நான் நம் ஆண்டுக் கூட்டங்களில் மூன்று முறை சொல்லியிருக்கிறேன். சுனோலைத் தாண்டி 680 ஃப்ரீவேயில் என் வண்டி நின்றுவிட்டது. பதினெட்டு வருடப் பழைய வண்டி, பெல்ட் அறுந்துவிட்டது. நடுப்பகல். அவரைக் கூப்பிட்டேன்.

“எங்க நிக்கறே?”

“680 சவுத், சுனோல் தாண்டி ரோட்டோரம் ஷோல்டர்ல, அங்கிள்.”

“அங்கிளா? ஆபீஸ்ல சாருங்கறே, ரோட்ல நின்னா அங்கிளா?” என்று சிரித்தார். “ஹசார்ட் லைட் போட்டுட்டயா? வண்டிக்குள்ள உக்காராதே கண்ணு. வேலிக்கு அந்தப்பக்கம் போயி நில்லு. பதினஞ்சு நிமிஷம்.”

பன்னிரண்டு நிமிடத்தில் வந்தார். இஸ்திரி போட்ட சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வண்டிக்குள் குனிந்தார். அவர் காரில் முன் இருக்கையில் கலாவதி அம்மையார் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கையசைத்தார். பின் இருக்கையில் இரண்டு பெட்டிகள். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. “போற வழிதாம்மா, ஒண்ணும் அவசரமில்ல” என்றார் வெள்ளியங்கிரி அவர்கள். இந்த இடத்தில்தான் நீங்கள் எப்போதும் கை தட்டுவீர்கள்.

போகிற வழி எது என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. இந்த வெள்ளிக்கிழமைதான் கலாவதி அம்மையார் சொல்லி எனக்குத் தெரியவந்தது. சான் ஹோசே விமான நிலையத்துக்குப் போகிற வழி. மறுநாள் காலை டெக்சஸில், ப்ளேனோவில் எழிலரசிக்கு வளைகாப்பு. விமானம் போய்விட்டது. அடுத்ததைப் பிடித்து அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, மகளின் கையில் வேறு யாரோ வளையல் போட்டு முடித்திருந்தார்கள்.

ஒரு பெல்ட்டுக்காக! இழுவை வண்டியைக் கூப்பிட்டிருந்தால் வந்திருக்குமே! ஏன் நான் கூப்பிடவில்லை? அவர் இருந்தார், அதனால். நீங்களும் அப்படித்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அலுவலகச் சாப்பாட்டு அறையில் அவர் சொன்னார்: “எல்லாத்தையும் யாருக்காவது குடுத்துட்டு, வீட்டையும் வித்துட்டு, புள்ளைகிட்ட டெக்சஸ் போயிரலாம்னு இருக்குது வள்ளி. கலாவும் அதத்தான் சொல்றா.” நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? “ஐயோ சார், நீங்க போயிட்டா எங்க வண்டியெல்லாம் என்ன ஆகறது?” தயிர்சாத டப்பாவை மூடினார். “அதுவுஞ் சரிதான்” என்றார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அவரை நாம் நேசித்தோம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நம் நேசம் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? கம்பெனி மூடிய பிறகும் அந்த வண்டியை விட முடியாதவர் அவர். நாம் நன்றி சொல்லச் சொல்ல, அவரால் நம்மையும் விட முடியாமல் போயிற்று. ஆண்டுக் கூட்டத்தில் நாம் போர்த்திய ஒவ்வொரு பொன்னாடையும் இன்னொரு வருடத்துக்கு அவரைக் கட்டிப்போட்டது. அவர் பெரிய மனிதர். பெரிய மனிதர்களிடம் நாம் ஏன் ஓய்வைப் பற்றிக் கேட்பதே இல்லை?

இப்போது இந்தத் தாளுக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை இதை எடுத்துக்கொண்டு கலாவதி அம்மையாரிடம் போனேன். அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

“ஆன்ட்டி, இதுல உங்க பேர் போட்டிருக்கோம். ஓகேவா?”

“போட்டுட்டு வந்து கேக்கறயா?”

கையைத் துடைத்துக்கொண்டு முழுவதும் படித்தார். “சனிக்கிழமை சனிக்கிழமை நான் இங்கயே இருக்கோணுமா?”

“வேண்டாம்னா சொல்லிடுங்க ஆன்ட்டி.”

“எப்படிச் சொல்றது? உசுரா வெச்சிருந்தாரு, மூணு வாரத்துல வேண்டாங்கறா பாருன்னு சொல்ல மாட்டாங்களா? இத வேண்டாம்னா அவரையே வேண்டாம்னு சொன்னாப்பல ஆயிராதா?”

பிறகு கராஜுக்கு அழைத்துப் போய் விளக்கைப் போட்டார். உள்ளே நடக்க வழியில்லை. வாசற்படியில் நின்றுகொண்டே காட்டினார். “எழிலு வந்துருமா வந்துருமான்னு கூப்படறா. வீட்ட வித்துட்டுத்தான் போகோணும். இதக் காட்டுனா யாரு வாங்குவாங்க சொல்லு. முப்பத்தோரு கதவு நிக்குது. எண்ணிட்டேன்.”

முப்பத்தொரு கதவுகள். அடுக்கி, சீட்டு ஒட்டி, சுவரில் சாய்த்து. அவற்றுக்குப் பின்னால் எங்கோ இருந்தது கராஜின் உண்மையான கதவு. அதைத் திறக்கும் பொத்தானை எட்ட அவரால் முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீயே சொல்லிடறயா? நாஞ் சொன்னா அவரக் கொறை சொன்னாப்பல இருக்கும்.”

அதனால் சொல்கிறேன். இந்தத் தீர்மானத்தை நான் வாசிக்கப் போவதில்லை.

தலைவர் அவர்கள் “அப்புறம் பேசிக்கலாம் வள்ளி” என்கிறார்கள். மன்னிக்க வேண்டும் சார். அப்புறம் என்றால் அடுத்த ஆண்டுக் கூட்டம். அதுவரை கலாவதி அம்மையார் அந்த வீட்டில் கதவுகளுக்குக் காவல் இருக்க வேண்டும். நீங்கள் இதை அன்போடுதான் எழுதினீர்கள். எனக்குத் தெரியும். நானே தட்டச்சு செய்து கொடுத்தேன், சார். இரண்டு எழுத்துப்பிழை திருத்தினேன். யாரிடமும் கேட்கவில்லையே என்ற பெரிய பிழை என் கண்ணில் படவில்லை.

இதற்குப் பதிலாக ஒன்று முன்வைக்கிறேன். வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒன்பது வண்டிக்காரர்களும் அந்த வீட்டுக்கு வருவோம். அவரவர் வண்டிக்கு வேண்டியதை அவரவர் எடுத்துப்போய் அவரவர் வீட்டில் வைத்துக்கொள்வோம். கட்டிலுக்கு அடியில் வையுங்கள், பால்கனியில் வையுங்கள், குடும்பத்தாரிடம் திட்டு வாங்குங்கள். யாருக்கும் வேண்டாதது அன்றைக்கே பழைய இரும்புக்குப் போகும்.

ரஞ்சித்குமார் ஏதோ சொல்கிறார். “டிரக் நான் ரெண்ட் பண்றேன்” என்கிறார். நன்றி. குறித்துக்கொண்டேன்.

தரையைக் கழுவி, சாவியைக் கலாவதி அம்மையாரிடம் கொடுத்துவிட்டு வருவோம். அதன் பிறகு வண்டி சம்பந்தமாக அந்த வீட்டு எண்ணுக்கு நம்மில் யாரும் கூப்பிடுவதில்லை. நம் வண்டி நின்றால் நாமே பார்த்துக்கொள்வோம். இனி ஓடாது என்று ஆனால் யாருக்கு வேண்டுமானாலும் விற்போம். வட்டத்தை விட்டுப் போகிறவரை ஏன் போகிறாய் என்று கேட்க மாட்டோம். வெள்ளியங்கிரி அவர்களின் பணியைத் தொடர்வோம் என்று இந்த இடத்தில் சொல்வது வழக்கம். ஆபத்தில் இருப்பவரை வந்து கூட்டிப்போவதுதான் அவருடைய பணி என்றால், இதைவிட வேறு எப்படித் தொடர்வது என்று எனக்குத் தெரியவில்லை.

விவாதத்துக்கு நேரமில்லை. அடுத்து நிகழ்ச்சிநிரலில் இருப்பது ஒரு நிமிட மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்து நிற்போம். எழுந்து நிற்பவர் ஒவ்வொருவரும் இதற்குச் சம்மதித்ததாகச் செயலாளர் என்ற முறையில் நான் பதிவு செய்துகொள்கிறேன். சம்மதமில்லாதவர்கள் உட்கார்ந்தே இருக்கலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

கலாவதி ஆன்ட்டி, நீங்கள் எழ வேண்டாம். இந்த ஒரு நிமிடம் நாங்கள் நிற்கிறோம்.