கரிக்கடைக்காரர் சொன்னது

ஆறு வருடத் தில்லி வாழ்க்கையில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இந்தி மட்டும்தான்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். தாத்தா, அப்பா, அம்மா எல்லோரும் வெயிலில் நின்று என் பங்குக்கும் சேர்த்தே உழைத்துவிட்டார்கள். இனி நான் வேறு தனியாக உழைக்க வேண்டுமா?

முனிர்காவில் என்னோடு அறையில் இருந்த மேகலாவின் அப்பாவும் செங்கல் சூளையில் கிடந்தவர்தான். அவளுக்கு ஏனோ அது போதவில்லை. மூன்று வருடமாக ஒரே நாவலை எழுதி எழுதி அழித்தாள். என்னைத் தவிர யாருக்கும் காட்டவில்லை. நானும் நாவல் எழுதுவதாக ஊரில் சொல்லி வைத்திருந்தேன். அப்பா அதை நம்பி, தெருமுனையில் ‘எழுத்தாளர்’ என்று என் படத்தோடு ஃப்ளெக்ஸே வைத்துவிட்டார். இனி அதைக் கழற்றச் சொல்ல முடியுமா?

ஜனவரியில் நாவலை முடித்த கையோடு மேகலா காய்ச்சலில் படுத்தாள்.

“உடம்பு தேறட்டும்டி, போட்டிக்கு அனுப்பிடறேன்” என்றாள்.

குளிர்காய அங்கீட்டி சொல்லியிருந்தேன். கரி போட்டு எரிக்கும் இரும்பு அடுப்பு. கரிக்கடைக்காரரே மாடியேறிக் கொண்டுவந்து பற்றவைத்தார். ஜன்னலைத் திறந்தே வையுங்கள், மூடிய அறையில் இந்தப் புகை ஆளைக் கொன்றுவிடும் என்று இந்தியில் இரண்டு தடவை சொன்னார்.

“என்னடி சொல்றாரு?”

“சீக்கிரம் சூடேறிடுமாம்.”

“அச்சா பையா” என்று அவரைப் பார்த்துச் சிரித்தாள் மேகலா. அவளுக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான். அவர் போனதும், “நடுங்குதுடி, அந்த ஜன்னலச் சாத்தேன்” என்றாள்.

சாத்தினேன். காய்ச்சல்காரி கேட்கும்போது எப்படி மறுப்பது? அவள் தூங்கியதும் அவளுடைய லேப்டாப்பை எடுத்துக்கொண்டு, கதவையும் இழுத்துச் சாத்திவிட்டு, கரோல் பாகில் ஸ்வெட்டர் பார்க்கப் போனேன். இருட்டும்வரை பார்த்தேன்.

தெற்கிலிருந்து வந்த பெண், அங்கீட்டியின் ஆபத்து தெரியவில்லை, பாவம் என்றார்கள். சரிதான். அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கரிக்கடைக்காரர் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

நாவலுக்கு முதல் பரிசு கிடைத்தது. கொலையை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்தவள் உழைப்பைத் திருடியவள் என்று எழுதாதீர்கள். அந்த உழைப்பை என்னளவு மதித்தவர் யாருமில்லை. அட்டையில் இருக்கும் பெயரைத் தவிர ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.